மழைக்கு எதை எடுத்துப் போவது: ஜாக்கெட்டா, போன்சோவா, குடையா?

அக்கா மகனுக்கு இந்த வருடம் இரண்டு மலைப் பயணம். ஜூலையில் கர்நாடகத்தின் குதுரேமுக், ஆகஸ்டில் இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய். போன வாரம் போன் செய்தான். "மாமா, ஐயாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன். நனையவே நனையாத ஜாக்கெட் ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு இடத்துக்கும் அதையே போட்டுக்கறேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதினைந்து வருடமாக மழையில் மலையேறுகிறேன். நாள் முழுக்கப் பெய்த மழையில் நனையாமல் நடந்த நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆனால் தொப்பலாக நனைந்தும் சுகமாக நடந்த நாட்கள் உண்டு. கொஞ்சம்தான் நனைந்தேன், பல் கிட்டிப்போனது என்ற நாளும் உண்டு. எதை வாங்குவது என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. அவனிடம் அரை மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவன் போகிற இரண்டு இடத்து மழையும் ஒரே மழை அல்ல. குதுரேமுக் 1,892 மீட்டர் உயரம். ஜூலையில் அங்கே மழை விடுவதே அபூர்வம். பக்கத்திலிருக்கும் ஆகும்பேயில் வருடத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆனால் அது குளிர்ந்த மழை அல்ல. நடந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகவே சூடாக இருக்கும். ராத்திரிக்கு முள்ளோடி கிராமத்து வீடுகளில் தங்கிக்கொள்ளலாம், அடுப்பு இருக்கும், மாற்றுத்துணி இருக்கும். ஹம்ப்டா கணவாய் 4,270 மீட்டர். அங்கே மழையோடு காற்றும் சேரும். வெப்பநிலை 5 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், சில நாள் மழையே பனிப்பொழிவாக மாறிவிடும். ராத்திரி டென்ட்டில் தங்க வேண்டும். நனைந்த துணி அடுத்த நாளும் நனைந்தே இருக்கும்.

குதுரேமுக்குக்கு முதல் தடவை போனபோது நல்ல ரெயின் ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஓடைகளைத் தாண்டி, சோலைக்காட்டைத் தாண்டி, புல்வெளியில் தனியாக நிற்கும் 'ஒண்டி மரா' என்ற அடையாள மரத்துக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே போட்டிருந்த சட்டையைப் பிழிந்தால் நீர் சொட்டியது. முதலில் ஜாக்கெட் ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. மழை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, நனைந்ததெல்லாம் என் வியர்வையில்தான். கூட வந்த பாலக்காட்டு நண்பர் சாதாரணக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே சேறும் தண்ணீரும்தான், ஆனால் அவருடைய சட்டையின் தோளும் முதுகும் காய்ந்திருந்தன.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் பாதி குழப்பம் தீரும். மூச்சுவிடும் ஜாக்கெட் என்று விற்கிறார்கள் இல்லையா, அதன் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள் கிடைத்தது. கோர்டெக்ஸ் என்ற சவ்வு அதிலிருந்து வந்தது. 1976-லேயே கடைக்கு வந்துவிட்டது. அதன் துளை மழைத்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சின்னது, நீராவி மூலக்கூறைவிடப் பெரியது. அதனால் மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும். இதுவரை சரி. ஆனால் ஆவி தானாக வெளியே ஓடிவிடாது. உள்ளே ஆவி அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். தோலை ஒட்டி 34 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவி அழுத்தம் 5.3 கிலோபாஸ்கல். இமயத்தில் 5 டிகிரி மழையில் வெளிக்காற்றின் ஆவி அழுத்தம் 0.9தான். அங்கே ஆவியைத் தள்ளும் வித்தியாசம் பெரியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 22 டிகிரி மழையில் அதுவே 2.6. தள்ளும் விசை பாதிக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே ஜாக்கெட்தான், அதே விலைதான், ஊர் மாறியதும் வேலை குறைந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஜாக்கெட்டின் அட்டையில் 10,000 கிராம் என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் இவ்வளவு ஆவி வெளியேறும் என்று பொருள். ஒரு மணி நேரத்துக்குப் பார்த்தால் 416 கிராம். ஜாக்கெட்டில் ஒன்றரைச் சதுர மீட்டர் துணி என்று வைத்துக்கொண்டால் 600 கிராம் சொச்சம். மூட்டையோடு ஏற்றம் ஏறுகிற ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்க்கும். அந்த 600-ம் சோதனைச்சாலையில் எல்லாம் சாதகமாக இருக்கும்போது வருகிற எண். உங்கள் முதுகு முழுக்க ரக்சாக் அடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் எதுவும் வெளியேறாது. அதோடு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையில் சோதிப்பதால் ஒன்றின் 10,000-ஐயும் இன்னொன்றின் 20,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

அதனால் சூடான மழைக்கு என் முதல் தேர்வு குடை. சொன்னால் மலையேறுகிறவர்கள் பலர் நம்ப மாட்டார்கள். கம்பிக்குப் பதில் கண்ணாடியிழை வைத்த மலையேற்றக் குடை 200 முதல் 250 கிராம்தான். அது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நம் வீடுகளில் இருக்கும் மூன்று மடக்கு ஆலப்புழைக் குடையே 300 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். அக்குளிலும் கழுத்திலும் காற்று தாராளமாகப் போய்வரும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மழைச் சாமான் கிடையாது. ஜாக்கெட்டின் தொப்பிக்குள் காது அடைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர் கூப்பிட்டால்கூடக் கேட்காமல் நடக்கும் தொல்லையும் இல்லை. மழை விட்டால் மடக்கி ரக்சாக்கின் பக்கப் பையில் செருகிவிடலாம், வெயிலுக்கும் ஆயிற்று. கை வேண்டுமென்றால் குடைக் காம்பை ரக்சாக்கின் தோள்பட்டையில் இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம். ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு அப்படி மணிக்கணக்கில் நடந்திருக்கிறேன்.

குடையின் எல்லையும் தெளிவானது. சோலைக்குள் குடை ராஜா. மரக்கூட்டம் முடிந்து புல்வெளி முகட்டில் ஏறியதும் தென்மேற்குக் காற்று பிடித்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. குதுரேமுக்கின் கடைசி ஒன்றரை மணி நேரம் அப்படித்தான். இடி இடிக்கும்போது திறந்த முகட்டில் குடையோடு நிற்கவே கூடாது, மடக்கிவிட்டு வேகமாக இறங்கிவிட வேண்டும். அடர்ந்த புதர்ப் பாதையிலும் குடை உதவாது. அதனால் குடையை மட்டும் எடுத்துப்போகிற இடம் என்று ஒன்று கிடையாது. அதற்குத் துணையாக எடை குறைந்த இன்னொன்று வேண்டும்.

அந்தத் துணைக்குப் போன்சோ நல்லது. தலைவழியாக மாட்டிக்கொள்ளும் ஒரு பெரிய துணி, ரக்சாக்கையும் சேர்த்து மூடும். நம் ஊர் விவசாயிகள் சாக்கை மூலையோடு மூலை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியும் இதே யோசனைதான். தலையையும் முதுகையும் மூடிவிட்டு, முன்பக்கத்தைக் காற்றுக்கும் கை வேலைக்கும் திறந்து விடுவது. சிலிக்கான் பூசிய நைலானில் தைத்த போன்சோ 250 முதல் 350 கிராம். பக்கவாட்டில் திறந்திருப்பதால் வியர்வை தங்காது. ரக்சாக்குக்குத் தனியாக உறை வேண்டாம், தோள்பட்டைகளும் நனையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு மூலையிலும் கயிறு கட்டி விரித்தால் நாலு பேர் கீழே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடலாம். இதை எந்த ஜாக்கெட்டும் செய்யாது.

ஆனால் இறக்கத்தில் போன்சோ தொல்லை. குனிந்து பார்த்தால் கால் தெரியாது, துணிதான் தெரியும். வழுக்குப் பாறையில் இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாமல் போவது சின்ன விஷயம் அல்ல. இடுப்பில் ஒரு கயிறு கட்டி முன்பக்கத்தைச் சேர்த்துச் செருகிக்கொண்டால் சமாளிக்கலாம். காற்றில் படபடவென்று அடித்து முகத்தில் அறையும், அதற்கும் அதே கயிறுதான். உண்ணிச்செடிப் புதரில் மாட்டினால் கிழியும்.

இந்த வரிசையில் கடைசியாக வைக்க வேண்டியது மலையடிவாரக் கடைகளில் தொங்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு. ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நூறு கிராம்கூட இருக்காது. அக்குளில் கிழிய அரை நாள் போதும். கிழிந்ததை யாரும் திருப்பி எடுத்துப்போவதில்லை. உத்தராகண்டில் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கோவிந்த்காட்டிலிருந்து கங்காரியா வரை பாதையோரப் புதர்களில் நீலமும் மஞ்சளுமாகக் கிழிசல்கள் தொங்குவதைப் பார்த்தபோது மனசு வலித்தது. எவ்வளவு மலிவு என்றாலும் இதை வாங்காதீர்கள் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

பைக்குக்கு வாங்கும் ரெயின்கோட்டைப் பற்றியும் கேட்டான், வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறதாம். பேன்ட்டோடு சேர்த்துத் தராசில் வைக்கச் சொன்னேன். 1 கிலோ 100 கிராம். வண்டியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வியர்க்காது, மலை ஏறுகிறவனுக்கு அது வேகவைக்கிற பாத்திரம். வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: கடைகளில் விண்ட்சீட்டர் என்று தொங்குவது பெரும்பாலும் காற்றைத் தடுக்கும் துணி, மழையைத் தடுக்காது. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால்தான் அது மழை ஜாக்கெட். டேப் இல்லையென்றால் ஊசி போன துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரும்.

இனி ஹம்ப்டாவுக்கு வருவோம். அங்கே குடையும் போன்சோவும் போதாது.

சில வருடங்களுக்கு முன் ஆகஸ்ட் நடுவில் அந்தக் கணவாயைத் தாண்டினேன். ஜோப்ராவில் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா என்று மெல்ல ஏறுகிற பாதை. கணவாயைத் தாண்டிய அன்று காலை ஐந்து மணியிலிருந்தே மழை. என் ஜாக்கெட் அப்போது நாலு வருடம் பழையது. மேல்துணி தண்ணீரை உருட்டி விடாமல் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஊன்றுகோலைப் பிடித்த கை மேலே தூக்கியே இருந்ததால் மணிக்கட்டு வழியாக இறங்கிய நீர் முழங்கை வரை போய், அங்கிருந்து விலாப்பக்கம் சில்லென்று ஓடியது. நடக்கிற வரை ஒன்றும் தெரியவில்லை. கணவாயின் மேல் பின்னால் வருகிறவர்களுக்காகப் பத்து நிமிடம் நின்றோம். ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுக்கப் பார்த்தேன், விரல் அதைப் பிடிக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதே தெரியவில்லை. வழிகாட்டிப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஜிப்பைத் தானே இழுத்துவிட்டு, "சலோ, சலோ" என்று நடக்க வைத்தான். அந்தப் பக்கம் இறங்கி ஷியா கோருவில் டென்ட் போட்ட பிறகு, பாலித்தீன் பைக்குள் காய்ந்திருந்த கம்பளிப் பனியனைப் போட்ட பின்தான் நடுக்கம் நின்றது.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து. அதற்குப் பனிப்பொழிவு தேவையில்லை. 5 டிகிரி மழையும் காற்றும் பருத்திச் சட்டையும் போதும். பேச்சு குழறுவதும், நடை தள்ளாடுவதும், ஜிப் போட முடியாமல் போவதும் அதன் ஆரம்ப அறிகுறிகள். அதனால் அங்கே ஜாக்கெட்டின் முதல் வேலை மழையையும் காற்றையும் ஒன்றாக நிறுத்துவது. வியர்வையில் உள்ளே கொஞ்சம் ஈரமானாலும், அதன் மேல் காற்று படாமல் இருந்தால் உடம்பு அதைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும்.

ஜாக்கெட்டிலேயே மூன்று வகை இருக்கிறது. சவ்வின் மேல் துணி, கீழே தனியாகத் தொங்கும் வலைத்துணி வைத்தது இரண்டடுக்கு. கனமாக இருக்கும், ஊருக்குள் போட நல்லது. சவ்வின் உட்புறம் மெல்லிய பூச்சு மட்டும் அடித்தது இரண்டரை அடுக்கு. எடையும் குறைவு, விலையும் குறைவு, தோலில் பிசுபிசுக்கும். சவ்வை நடுவில் வைத்து உட்புறமும் துணி ஒட்டியது மூன்றடுக்கு. உள்ளே ஈரமானாலும் தோலில் ஒட்டாது, பல வருடம் உழைக்கும், விலை கூடுதல். எடைக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், படகோனியா கம்பெனியின் டோரன்ட்ஷெல் என்ற மூன்றடுக்கு ஜாக்கெட் சுமார் 400 கிராம். அவுட்டோர் ரிசர்ச் கம்பெனியின் ஹீலியம் என்ற மெல்லிய ஜாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. இந்த மெல்லியது எடைப்பித்துப் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். நாலு நாள் தொடர் மழையில் 12 கிலோ ரக்சாக்கின் பட்டை அதன் தோளை உரசப்போகிறது என்றால் நான் அந்த 200 கிராம் கூடுதலைச் சுமந்துகொள்வேன்.

நீர் தாங்கும் அளவு என்று மில்லிமீட்டரில் ஓர் எண் போட்டிருப்பார்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பது அது. டென்ட்டுக்கு 1,500, 2,000 போதும். ஜாக்கெட்டின் தோளில் பட்டை அழுத்துவதால் 10,000 இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் 15,000, 20,000 என்று காசு கூட்டத் தேவையில்லை.

எண்ணைவிட முக்கியமான சில விஷயங்களைக் கடையிலேயே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அக்குளில் ஜிப் இருக்கிறதா? மூச்சுவிடும் சவ்வு செய்வதைவிட நாலு மடங்கு வேலையை அந்த இருபது சென்டிமீட்டர் ஜிப் செய்யும் என்பது என் அனுபவம், எடை ஐம்பது கிராம் கூடினாலும் விடாதீர்கள். தொப்பியின் முன்னால் விறைப்பான விளிம்பு இருக்கிறதா? தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் தொப்பியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பீர்கள். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை இருக்கிறதா? சட்டைப்பைகள் ரக்சாக்கின் இடுப்புப் பட்டைக்கு மேலே வருகின்றனவா? உள்ளே ஃப்ளீஸ் என்ற கதகதப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே இதைப் போட்டுக் கையைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பு தெரிந்தால் ஓர் அளவு பெரியதாக எடுங்கள்.

துணி தண்ணீர் குடிப்பதைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அது எல்லா ஜாக்கெட்டுக்கும் வரும். மேல்துணியில் நீர் முத்து முத்தாக உருள்வதற்கு ஒரு பூச்சு இருக்கிறது. அது தேய்ந்ததும் துணி ஊறிக் கனக்கும், சவ்வு ஒழுகாது, ஆனால் ஆவி வெளியே போகும் வழி அடைபட்டு உள்ளே குளிர ஆரம்பிக்கும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று தூக்கிப்போடுகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். முன்பு இந்தப் பூச்சில் ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் கைவிடப்பட்டு வருகின்றன. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான புதிய உடைகளில் அவற்றுக்குத் தடை. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பசையையும் வியர்வை அழுக்கையும் தள்ளாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துவைக்க வேண்டும். சாதாரண சோப்புத்தூள் கூடாது, கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. இதற்கென்று விற்கும் திரவத்தில் அலசி, காய்ந்த பிறகு மேலே ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் ஓட்டினால் முத்து உருள்வது பெரும்பாலும் திரும்பிவிடும். உடையின் உள்ளே இருக்கும் துணிச்சீட்டில் இஸ்திரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். விலை குறைந்த ஜாக்கெட்டுகளின் உட்புறப் பூச்சு பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். சென்னையில் அலமாரிக்குள் மூன்று மழைக்காலம் மடித்து வைத்திருந்த என் ஜாக்கெட் ஒன்றை எடுத்து உதறியபோது உள்பக்கத்திலிருந்து பொடுகு மாதிரி வெள்ளைச் செதில் உதிர்ந்தது, தையல் டேப் கையோடு வந்தது. பத்துத் தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன். அதிலிருந்து நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் ஹேங்கரில், காற்றுப் போகும் இடத்தில் தொங்கவிடுகிறேன். சிலிக்கான் பூசிய நைலானுக்கு இந்த நோய் கிடையாது. அதில் தையல் டேப் ஒட்டாது, தையல் மேல் சிலிக்கான் பசையை நாமே தடவிக்கொள்ள வேண்டும். ஒரு சாயங்கால வேலை.

அமெரிக்காவின் நெடுந்தூரப் பாதைகளில் நடக்கிறவர்கள் ஃப்ராக் டாக்ஸ் என்ற மலிவான மழை உடையைப் பெரிதும் விரும்புகிறார்கள். நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி, எடை மிகக் குறைவு, நன்றாகவே மூச்சு விடும். முள்ளிலும் பாறையிலும் சுலபமாகக் கிழியும், கூடவே ஒட்டுநாடா சுற்றி எடுத்துப்போக வேண்டும். நம் மலைகளின் முட்புதர்ப் பாதைகளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இடுப்புக்குக் கீழே என்ன? இதை யாரும் கேட்பதில்லை. மழை பேன்ட் 200 முதல் 300 கிராம். குதுரேமுக் மாதிரி இடத்தில் அது தேவையே இல்லை, கணுக்கால் முதல் முழங்கால் வரை அட்டை ஏறாத துணி உறை கட்டிக்கொண்டு அரைக்கால் சட்டையில் நடப்பதுதான் சுகம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. வால்பாறையிலும் மூணாற்றிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க நனைந்த செடிகளுக்கு நடுவே நிற்கிறவர்கள் கண்டுபிடித்தது. அதையே எடை குறைந்த நைலானில் தைத்தால் மழைப் பாவாடை. நான் ஒன்றரை மீட்டர் துணி வாங்கித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, மேல் ஓரத்தில் நாடாவும் பக்கத்தில் வெல்க்ரோவும் வைத்துத் தைத்துக்கொண்டேன். 85 கிராம். தொடை நனையாது, கீழே காற்று போகும், ஷூவைக் கழற்றாமல் கட்டலாம், அவிழ்க்கலாம். கணவாய் நாளுக்கு மட்டும் காற்று அடிக்கும் என்பதால் அங்கே பேன்ட்தான் நல்லது.

ரக்சாக்குக்கு வெளியே போடும் உறையை நம்பாதீர்கள். முதுகுப்பக்கம் திறந்துதான் இருக்கும், அந்த வழியாக நீர் இறங்கி அடியில் குட்டையாகத் தேங்கும். உர மூட்டைக்குள் வரும் மாதிரியான தடித்த பாலித்தீன் பை ஒன்றைப் புதிதாக வாங்கி ரக்சாக்கின் உள்ளே விரித்து, தூங்கும் பையையும் ஒரு செட் காய்ந்த துணியையும் அதில் வைத்து வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். எடுத்துப்போன அதே பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஐந்தாறு பயணத்துக்கு வரும். அந்த ஒரு செட் துணியை எந்தக் காரணத்துக்காகவும் நடக்கும்போது போடக் கூடாது. காலையில் மறுபடி ஈரச் சட்டையைப் போடுவது கொடுமையாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடும்.

சரி, ஐயாயிரம் ரூபாய்க்கு அவனுக்கு என்ன சொன்னேன்? குதுரேமுக்குக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். அவன் பாட்டியின் அலமாரியில் இருக்கும் மூன்று மடக்குக் குடையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். காசை ஹம்ப்டாவுக்கு வைத்துக்கொண்டு, அக்குள் ஜிப் உள்ள இரண்டரை அடுக்கு ஜாக்கெட் ஒன்றை நாலாயிரத்துக்குள் எடுக்கட்டும். குதுரேமுக்கின் முகட்டுக் காற்றில் அதையே போட்டுக்கொள்ளலாம். மூன்றடுக்கு இன்னும் நல்லதுதான், ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மலைக்குப் போகிறவன் அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. மீதிக் காசில் ஒரு மலிவான மழை பேன்ட், பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி. கம்பளிக் கையுறை மேல் அதை மாட்டிக்கொண்டால் ஜிப்பைத் தானே இழுத்துக்கொள்ளலாம். வருடம் முழுக்கச் சோலைக்காட்டில்தான் நடப்பேன் என்று ஒருவர் கேட்டிருந்தால் ஜாக்கெட்டே வேண்டாம், குடையும் போன்சோவும் போதும் என்றிருப்பேன். லடாக் பக்கம் மட்டும் போகிறவருக்கு 200 கிராம் ஜாக்கெட்டே தாராளம். ஹம்ப்டாவிலேயே பாருங்கள், குலு பக்கம் பச்சைப் பசேல் என்று மழை, கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினால் காய்ந்த மண்.

சனிக்கிழமை சொன்னதையெல்லாம் வாங்கிவிட்டான். வீட்டில் குளியலறை ஷவரின் கீழ் ஜாக்கெட்டோடு பத்து நிமிடம், ஒரு கையைத் தூக்கியபடி நிற்கச் சொல்லியிருந்தேன். ராத்திரி போன் செய்தான். "தோள்ல ஒண்ணுமே இல்ல மாமா. எடது கை மட்டும் முழங்கை வரைக்கும் நனைஞ்சிருச்சு." வெல்க்ரோவை ஒரு விரல் அளவு இறுக்கிக்கொண்டு மறுபடி நிற்கச் சொன்னேன்.